மூன்று எஸ்டிமேட், மூன்று விலை: எதை நம்பி சாமான்களை ஏற்றுவது?

கேள்வி: வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு படுக்கையறை, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கணவருக்குக் கோவைக்கு மாற்றல் வந்திருக்கிறது. மூன்று பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸிடம் விலை கேட்டோம். முதல் ஆள் போனிலேயே 16,500 ரூபாய் என்றார். பைக்குக்குத் தனியாக 4,500. பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேருமாம். ஏசி, மாடிப்படி பற்றிக் கேட்டால் ‘அன்னைக்குப் பார்த்துக்கலாம்’ என்கிறார். முன்பணமாக 5,000 ரூபாயை ஒரு மொபைல் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்கிறார். இரண்டாவது நிறுவனம் வீட்டுக்கு வந்து பார்த்து 24,800 என்று எழுதிக் கொடுத்தது. பைக், மாடிப்படி, இரண்டு ஏசியைக் கழற்றி மாட்டுவது எல்லாம் அதில் அடக்கம். ஜிஎஸ்டி 18 சதவீதமும், நாங்கள் சொல்லும் பொருள் மதிப்பில் 3 சதவீதம் இன்சூரன்ஸும் தனி. மூன்றாவது நிறுவனம் வாட்ஸ்அப்பில் ‘33,000, எல்லாம் சேர்த்து’ என்று ஒரே வரி அனுப்பியது. கணவரின் அலுவலகம் 20,000 ரூபாய் வரை தரும், ஆனால் ஜிஎஸ்டி பில் கொடுக்க வேண்டும். ஆடி பிறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். விலை குறைந்தவரையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதல் ஆளுக்கு இன்னும் பணம் அனுப்பவில்லையென்றால் நல்லது, அனுப்பாதீர்கள். அவர் சொன்ன 16,500 இன்னும் விலையே ஆகவில்லை. வீட்டைப் பார்க்காமல், பீரோ எத்தனை, கட்டில் எத்தனை என்று தெரியாமல் சொன்ன தொகை அது. மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதல் ஆள் 16,500, பைக் 4,500, ஆக 21,000. பில்லோடு என்றால் வரி 3,780 சேர்ந்து 24,780. இரண்டாவது நிறுவனத்துக்கு 24,800, வரி 4,464, ஆக 29,264. இன்சூரன்ஸ் இதற்கு மேல்.

பொருள்களின் மதிப்பு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலானவர்கள் வாங்கிய விலையைக் கூட்டி 3 லட்சம், 4 லட்சம் என்று போட்டுவிடுவார்கள். 3 லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் 9,000 ரூபாய். ஆறு வருடப் பழைய ஃப்ரிட்ஜ் உடைந்தால் புது ஃப்ரிட்ஜின் விலையை யாரும் தரப்போவதில்லை, இன்றைய மதிப்பைத்தான் பார்ப்பார்கள். அதற்காக ரொம்பக் குறைத்தும் சொல்லாதீர்கள். உள்ளபடி 2 லட்சம் பெறும் சாமான்களை 1 லட்சம் என்று காட்டினால், 20,000 ரூபாய் சேதத்துக்கு 10,000தான் கைக்கு வரும்படி இழப்பீட்டைப் பாதியாக வெட்டும் விதி பாலிசிகளில் உண்டு. ஒரு மாலை உட்கார்ந்து டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, கட்டில், பீரோ என்று இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று எழுதிக் கூட்டுங்கள். உங்கள் வீட்டுக்கு 1,80,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் 5,400. இரண்டாவது நிறுவனத்தின் முழு விலை 34,664.

முதல் ஆளுக்கும் அதே இன்சூரன்ஸைச் சேர்த்தால் 30,180. நீங்கள் முதலில் பார்த்த பெரிய வித்தியாசம் இப்போது 4,484 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பணத்துக்குள் இரண்டு ஏசியைக் கழற்றிக் கோவையில் மாட்ட வேண்டும், இரண்டு மாடி சாமான்களைத் தோளில் சுமந்து இறக்க வேண்டும். அது முடியாது என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் ‘அன்னைக்குப் பார்த்துக்கலாம்’. அன்றைக்கு என்றால், பாதி சாமான் வண்டியில் ஏறியிருக்கும், சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்திருப்பீர்கள். அப்போது அவர் கேட்பதுதான் விலை.

பில் இல்லாமல் 21,000க்கு முடித்துவிடலாம் என்று தோன்றினால், அலுவலகம் தரும் 20,000 போய்விடும். முழுத் தொகையும் உங்கள் கைக்காசு. இரண்டாவது நிறுவனத்துக்கு 34,664 கொடுத்து 20,000 திரும்பப் பெற்றால் கையிலிருந்து போவது 14,664. விலை கூடியதுபோலத் தெரிகிற இடத்தில் உங்களுக்கு 6,336 ரூபாய் மிச்சம், அதுவும் இன்சூரன்ஸோடு. மாற்றலின்போது சாமான்களைக் கட்டி அனுப்ப அலுவலகம் தரும் படிக்கு, உண்மையில் செலவான அளவுக்கு வருமான வரி விலக்கும் உண்டு. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது நிறுவனத்தை நான் ஒதுக்கவில்லை. ‘எல்லாம் சேர்த்து’ என்பதில் ஜிஎஸ்டியும் இன்சூரன்ஸும் அடக்கமா என்று மட்டும் கேளுங்கள். இரண்டும் அடக்கம் என்றால் 33,000 என்பது இரண்டாவதைவிட 1,664 ரூபாய் குறைவு. வரி மட்டும் தனி என்றால் 38,940 ஆகிவிடும். இன்சூரன்ஸ் மட்டும் தனி என்றால் 38,400. ஒரே ஒரு சொல்லில் ஐந்தாயிரத்துக்கு மேல் மாறுகிறது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டை வந்து பார்க்கவோ, வீடியோ காலில் ஒவ்வொரு அறையாகப் பார்க்கவோ சொல்லுங்கள். பரண், பால்கனி, கட்டிலுக்கு அடியில் இருப்பது எல்லாவற்றையும் காட்டுங்கள். நாம் மறைத்தால் அதற்கும் அன்றைக்கு விலை சொல்வார்கள்.

இன்சூரன்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 3 சதவீதம் வாங்கிக்கொண்டு ‘டிரான்சிட் ரிஸ்க்’ (வழியில் நேரும் சேதத்துக்கு), ‘எஃப்ஓவி’ (பொருள் மதிப்பின் மேல் போடும் கட்டணம்) என்று ஏதாவது எழுதிவிடுவார்கள். பின்னால் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் இருக்காது. வண்டி கிளம்பும் முன், உங்கள் பெயரும் பாலிசி எண்ணும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் உள்ள சான்றிதழ் கைக்கு வரவேண்டும். அது வராது என்றால் அந்த 5,400 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸே இல்லாவிட்டால்? 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் 2011-ம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. கூடுதல் கட்டணம் கட்டி முழுப் பொறுப்பை அவர்கள் தலையில் வைக்காதவரை, சரக்கு ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு வண்டி வாடகையைப்போல் பத்து மடங்குக்குள், அதுவும் நீங்கள் அறிவித்த மதிப்பைத் தாண்டாமல். சேதம் என்றால் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சாக ‘பார்த்து செய்றோம் மேடம்’ என்று ஆறு மாதத்தை ஓட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம்.

பல வருடங்களுக்கு முன் மதுரையிலிருந்து நான் வீடு மாற்றியபோது, கட்ட வந்தவர்களில் ஒருவர் கார்பன் தாள் வைத்து ஒரு பட்டியல் எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ‘கீறல்’, ‘பழையது’ என்றே எழுதிக்கொண்டு போனார். மூன்று மாதம் முன் வாங்கிய தேக்குக் கட்டிலுக்கும் கீறல். நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். சென்னையில் கட்டிலின் கால் பிளந்து இறங்கியது, அந்தத் தாளைக் காட்டி ஒரு ரூபாய் தரவில்லை. நீங்கள் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். முந்தின நாளே எல்லாப் பொருளையும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது நிறுவனத்திடம் இன்னும் சில கேளுங்கள். வண்டி உங்களுக்கு மட்டுமா, வேறு வீட்டுச் சாமானும் சேர்ந்து வருமா? சேர்ந்து வந்தால் விலை குறையும், ஆனால் வழியில் கிடங்கில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் கண்ணாடிக்கு ஆபத்து. சென்னையிலிருந்து கோவை 500 கிலோமீட்டர்தான், தனி வண்டி என்றால் ராத்திரி கிளம்பி மறுநாள் வந்துவிடும். எந்த நாள் வந்து சேரும் என்று எழுதி வாங்குங்கள். டோல் அடக்கமா என்பதும் எழுத்தில் வேண்டும். ‘ஆக்ட்ராய்’ (ஊருக்குள் சரக்கு வரும்போது வாங்கிய நுழைவு வரி) என்று எஸ்டிமேட்டில் போட்டிருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள், 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதே அது போய்விட்டது. அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பதினைந்து எழுத்து இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் தொடங்கும். எஸ்டிமேட்டில் உள்ள பெயரும் அங்கே வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பணம் அந்தப் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும், அதுவும் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

மாமியார் சொல்வதில் பணக் கணக்கும் இருக்கிறது. ஆடிக்கு முன்னால் எல்லாரும் அவசரப்படுவதால் ஆனி கடைசியில் வண்டி கிடைப்பது கஷ்டம், பேரம் நடக்காது. வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் ஆனியிலேயே ஒரு நல்ல நாளில் கோவை வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, சாமான்களை ஆடி நடுவில் ஒரு புதன், வியாழனில் கொண்டுபோகலாமா என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். அப்போது மூவர்ஸுக்கு வேலை குறைவு, விலையில் இறங்கி வருவார்கள். ஆனால் இரண்டு வீட்டு வாடகை ஒரே மாதத்தில் விழும் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள், மிச்சமாவது அதில் போய்விடும்.

நகை, பத்திரம், பள்ளிச் சான்றிதழ், மடிக்கணினி ஆகியவை உங்கள் கைப்பையில்தான் வரவேண்டும். கேஸ் சிலிண்டரை வண்டியில் ஏற்றக் கூடாது, ஏஜென்சியில் ஒப்படைத்துவிட்டு இணைப்பைக் கோவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷின் முன்பக்கக் கதவு உள்ளதா? அப்படியானால் வாங்கியபோது பின்னால் கழற்றி வைத்த நீள போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் 500 கிலோமீட்டர் குலுங்கினால் டிரம் ஆடிப்போகும்.

கோவையில் இறக்கி முடித்ததும் ‘எல்லாம் சரியாக வந்தது’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். ஆட்கள் களைத்திருப்பார்கள், நீங்களும்தான். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, டிவியைப் போட்டுப் பாருங்கள், வாஷிங் மெஷினை வெறுமனே ஒரு சுற்று ஓடவிடுங்கள், கண்ணாடிச் சாமான் பெட்டிகளைப் பிரித்துவிடுங்கள். உடைந்தது ஏதாவது இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மீதிப் பணம் அதற்கு அப்புறம்.