சால்டரிங் ஸ்டேஷன்: எவ்வளவு சூடு, எந்தப் புகை, யாருக்கு ஆபத்து? சில கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்டேஷனின் திரையில் தெரிகிற அந்த மூன்று இலக்க எண்ணை, அதாவது ஈயக் கம்பியை உருக்கிப் பாகங்களைப் போர்டில் ஒட்டுகிற அயர்னின் சூட்டைப் பற்றியவை. அந்த எண் முக்கியம்தான். ஆனால் வீட்டில் நடக்கிற விபத்துகளை எண்ணிப் பார்த்தால், கை எங்கே இருந்தது, அயர்ன் எங்கே இருந்தது, வேலை முடிந்த பிறகு என்ன செய்தோம் என்பதில்தான் வந்து நிற்கும். அதை மனதில் வைத்துப் பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: ஸ்டேஷன் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. சின்ன ஜாயிண்ட் எல்லாம் 350-லேயே நன்றாக வருகிறது, கிரவுண்ட் பக்கம் மட்டும் ஈயம் உருகவே மாட்டேன் என்கிறது. 450 வைத்தேன், பேட் (பாகத்தின் காலை ஒட்டுகிற செம்புப் பொட்டு) போர்டை விட்டு உரிந்து வந்துவிட்டது. எதற்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?

சொல்கிறேன், ஆனால் எண்ணை மட்டும் தெரிந்துகொண்டால் உங்கள் பிரச்சினை தீராது. 63/37 ஈயக் கம்பி (63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும். 60/40 அதே 183-ல் இளக ஆரம்பித்து 190 வாக்கில் முழுதாக உருகும். வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த, காரீயம் இல்லாத எஸ்ஏசி305 கலவைக்கு 217 முதல் 220, வெள்ளீயமும் கொஞ்சம் செம்பும் மட்டும் உள்ள கலவைக்கு 227. நுனிக்கு இதைவிட நூற்றைம்பது டிகிரி வாக்கில் கூடுதலாக வேண்டும் என்பதால் காரீயக் கலவைக்கு 320 முதல் 350, மற்றதற்கு 350 முதல் 380 வரை வைத்தால் பெரும்பாலான வேலை நடக்கும். 400-ஐத் தாண்ட வேண்டிய வேலை வீட்டில் அநேகமாக வராது.

இப்போது உங்கள் கிரவுண்ட் பேட். 183-ல் உருகுகிற பொருள் 350 டிகிரி நுனி பட்டும் உருகவில்லை என்றால் குறை சூட்டின் அளவில் இல்லை, சூடு போய்ச் சேருகிற வழியில் இருக்கிறது. அந்த பேட் போர்டின் அகலமான செம்புப் பரப்போடு ஒட்டியிருக்கிறது, நீங்கள் கொடுக்கிற வெப்பத்தை அது உடனுக்குடன் இழுத்துப் பரப்பிவிடும். நீங்கள் வைத்திருப்பது ஸ்டேஷனோடு வந்த ஊசி மாதிரியான பிட் (அயர்னில் கழற்றி மாட்டுகிற நுனி) என்று நினைக்கிறேன். அது பேடைத் தொடுகிற இடம் ஒரு புள்ளி அளவுதான், அந்தப் புள்ளி வழியாக எவ்வளவு வெப்பம் போய்விடும்? உளி போலத் தட்டையான, 2.4 மில்லிமீட்டர் அகலப் பிட்டை மாட்டுங்கள், அதன் தட்டைப் பக்கம் முழுவதும் பேடிலும் பாகத்தின் காலிலும் படும்படி சாய்த்து வையுங்கள், வைக்கும் முன் நுனியில் ஒரு சொட்டுப் புது ஈயம் எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய அந்தச் சொட்டு இடைவெளியை நிரப்பி வெப்பத்தைக் கடத்தும். கொஞ்சம் ஃப்ளக்ஸும், அதாவது உலோகத்தின் மேல் படிந்த துருவை நீக்கி ஈயத்தை ஓட விடுகிற பொருளும், வையுங்கள். இதே 350-ல் இரண்டு மூன்று நொடியில் ஈயம் ஓடுவதை நீங்களே பார்க்கலாம்.

450 வைத்ததும் என்ன ஆனது தெரியுமா? செம்புப் பேடைப் போர்டோடு பிடித்து வைத்திருக்கிற பிசின் தளர்ந்துவிட்டது. ஃப்ளக்ஸ் துருவை நீக்கும் முன்பே எரிந்து கருகிவிட்டது. பிட்டின் இரும்புப் பூச்சும் வேகமாகத் தேயத் தொடங்கியிருக்கும். புகையும் அதிகமாகக் கிளம்பியிருக்கும், அதை நீங்கள்தான் சுவாசித்திருப்பீர்கள்.

இன்னொன்று. 936 வகை ஸ்டேஷன்களில் ஹீட்டர் தனி, அதன் மேல் தொப்பி மாதிரி உட்காருகிற பிட் தனி. சென்சார் ஹீட்டரோடு இருக்கிறது, ஆகவே திரை காட்டுவது உள்ளே இருக்கிற சூடு. பிட்டைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்து நடுவில் காற்றிடைவெளி வந்துவிட்டால் திரை 350 என்று சொல்லும், நுனி அதைவிடக் குறைவாக இருக்கும். ஆறிய பிறகு நட்டைக் கையால் இறுக்கிப் பாருங்கள். டி12 வகையில் ஹீட்டர், சென்சார், பிட் மூன்றும் ஒரே துண்டு என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: சால்டர் செய்யும்போது வருகிற வெள்ளைப் புகை ஈயப்புகைதானே? துணி மாஸ்க் போட்டுக்கொள்கிறேன், போதுமா?

அது ஈயப்புகை இல்லை. காரீயம் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும், நாம் வேலை செய்கிற 350-ல் அதிலிருந்து கிளம்பும் ஆவி கணக்கில் எடுக்க வேண்டாத அளவுக்குக் குறைவு. நீங்கள் பார்க்கிற புகை கம்பிக்கு நடுவில் இருக்கிற ஃப்ளக்ஸ் எரிவதால் வருவது. பெரும்பாலும் அது ரோசின், அதாவது பைன் மரப் பிசின்.

மரப்பிசின்தானே என்று விட்டுவிடாதீர்கள். ரோசின் புகை தொழில்வழி ஆஸ்துமாவுக்கு நன்கு அறியப்பட்ட காரணம். சிலருக்கு உடல் ஒரு தடவை அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சுத்திணறல் வரும், அது பழையபடி சரியாவது கடினம். சால்டர் செய்த நாளில் மட்டும் மூக்கு ஒழுகுகிறது, இருமல் வருகிறது, மார்பு இறுகுகிறது என்றால் ஜலதோஷம் என்று நினைத்துத் தொடராதீர்கள். நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், போகும்போது சால்டர் செய்வதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியே இல்லை.

துணி மாஸ்க் இதைத் தடுக்காது. புகைத்துகள்கள் மிக நுண்ணியவை, கூடவே ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களும் வரும். முதல் வேலை, தலையைப் புகைக்கு நேர் மேலே வைக்காமல் இருப்பது. பெரிதாகத் தெரிய வேண்டும் என்று போர்டுக்கு மேல் குனிந்துவிடுகிறோம், புகை நேராக முகத்துக்கு வருகிறது. ஸ்டாண்டில் வைத்த பூதக்கண்ணாடி இருந்தால் முகத்தை விலக்கி வைக்கலாம். அடுத்து, சின்ன ஃபேன் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்துப் புகையை ஜன்னல் பக்கம் இழுக்கச் செய்யுங்கள். ஊதுகிற மாதிரி வைத்தால் ஜாயிண்ட் ஆறிப்போகும், புகையும் அறைக்குள்ளேயே சுற்றும். கரித்தூள் ஃபில்டர் போட்ட மேசை ஃபேன்கள் இருக்கின்றன, பக்கத்தில் வைத்தால் முகத்துக்கு வருவதைக் குறைக்கும். ஆனால் நுண்துகள் நிறைய அதன் வழியாகவே வெளியே வந்துவிடும், ஆகவே ஃபில்டர் இருந்தாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: எனாமல் பூசிய காயில் கம்பியை சூடான பிட்டால் உருக்கிச் சுத்தம் செய்வது. பூச்சு பாலியூரித்தேனாக இருந்தால் ஐசோசயனேட் வாயு வரும், அது ரோசினைவிட மோசம். கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டி எடுங்கள். பிவிசி வயர் உறையையும் அயர்னால் பொசுக்கி எடுக்க வேண்டாம், அதற்கு ஸ்ட்ரிப்பர் இருக்கிறது.

கேள்வி: வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. காரீயம் உள்ள கம்பியை நிறுத்திவிட வேண்டுமா?

ஆம். குழந்தை தவழ்கிற, தரையில் கிடப்பதை வாயில் போடுகிற வயதில் இருக்கும்வரை நிறுத்திவிடுங்கள். நம் மொழியில் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் சேர்த்து ஈயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதால் கொஞ்சம் குழப்பம் வருகிறது. வெள்ளீயத்தால் இந்தப் பயம் இல்லை, காரீயம்தான் பிரச்சினை. இரத்தத்தில் இந்த அளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம், வளரும் மூளைக்கு அது செய்கிற கெடுதலைத் திரும்பச் சரிசெய்யவும் முடியாது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

காரீயம் உடலுக்குள் போவது கை வழியாக. கம்பியைப் பிடித்த விரலால் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சாப்பிடுகிறோம், குழந்தையைத் தூக்குகிறோம், அது நம் விரலைச் சப்புகிறது. மூன்றாவது கை இல்லாத அவசரத்தில் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அதை இன்றே விடுங்கள். வேலை செய்கிற மேசையில் சாப்பாடும் தேநீரும் வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுங்கள். சானிட்டைசர் கிருமிக்கானது, உலோகத்தை அது நீக்காது. மேசையில் சிதறிய குட்டி உருண்டைகளை வாயால் ஊதாதீர்கள், காய்ந்த துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மூடி உள்ள டப்பாவில் போட்டு, மின்னணுக் கழிவோடு சேர்த்துக் கொடுங்கள். பிட் துடைத்த ஸ்பாஞ்சைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

காரீயமில்லாத கம்பிக்கு மாறினால் கை விஷயத்தில் நிம்மதி. ஆனால் அதில் ஃப்ளக்ஸ் பெரும்பாலும் வீரியமாக இருக்கும், சூடும் கூடுதலாக வைக்கிறோம், ஆகவே புகைக்கான ஏற்பாடு அப்படியே தொடர வேண்டும்.

கேள்வி: பிட்டைத் தொட்ட போர்டைப் பிடித்தால் லேசாகச் சுர்ரென்று இருக்கிறது. மூன்று முள் பிளக்குக்கு இரண்டு முள் அடாப்டர் போட்டிருக்கிறேன்.

அடாப்டரைக் கழற்றி வையுங்கள், எர்த் உள்ள சாக்கெட் கிடைக்கும்வரை ஸ்டேஷனைப் பயன்படுத்த வேண்டாம். பிட் எர்த்தோடு இணைந்திருப்பதற்கு இரண்டு காரணம்: உள்ளே ஏதாவது பழுதாகிப் பிட்டுக்கு மின்சாரம் வந்தால் அது உங்கள் வழியாகப் போகாமல் எர்த் வழியாகப் போகும், மாஸ்ஃபெட் போன்ற மென்மையான பாகங்களும் கசிவு மின்சாரத்தில் சாகாமல் இருக்கும். அந்தச் சுர்ரென்ற உணர்வு கசிவுதான்.

சாக்கெட்டிலிருந்து பிளக்கை எடுத்துவிட்டு, பிட் ஆறியபின் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பிட்டின் ஈயம் பூசிய நுனிக்கும் பிளக்கின் எர்த் முள்ளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். சில ஓமுக்குள் காட்ட வேண்டும். கையேடு வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, திறந்த சர்க்யூட் காட்டுகிற ஸ்டேஷனை நான் என் மேசையில் வைக்க மாட்டேன்.

இதோடு சேர்ந்ததுதான் அடுத்த எச்சரிக்கை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிற போர்டில் ஒருபோதும் சால்டர் செய்யாதீர்கள். எர்த் ஆன பிட் லைவ் பக்கத்தில் பட்டால் நேரடி ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும், பவர் சப்ளை போர்டில் இருக்கிற பெரிய கெபாசிட்டர் 230 வோல்ட் மின்சாரத்தில் சுமார் 325 வோல்ட் வரை ஏற்றி வைத்திருக்கும், சில போர்டுகளில் அது நெடுநேரம் இறங்காது. மல்டிமீட்டரால் அளந்த பிறகு தொடுங்கள். மீதி இருந்தால், காப்பிடப்பட்ட முனைகள் உள்ள வயரில் 2 முதல் 10 கிலோ ஓம் வரையிலான 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி இறக்கி, மறுபடி அளவெடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து வெடிக்க விடுவது கண்ணுக்கும் ஆபத்து, கெபாசிட்டருக்கும் கேடு.

கேள்வி: பிட் கறுத்துப்போய் ஈயம் ஒட்டவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. உள்ளே செம்பு, மேலே மெல்லிய இரும்புப் பூச்சு. அதைத் தேய்த்துவிட்டால் உருகிய ஈயம் செம்பைக் கரைத்துத் தின்றுவிடும், கொஞ்ச நாளில் குழி விழும். பித்தளைச் சுருளில் குத்தி எடுத்து, ஃப்ளக்ஸ் உள்ள புது ஈயத்தைப் பூசி, மறுபடி சுருளில் துடைத்து, மறுபடி பூசுங்கள். நாலைந்து தடவையில் பெரும்பாலும் மீண்டுவிடும். அணைக்கும் முன் நுனியில் தாராளமாக ஈயம் விட்டு அணையுங்கள், துடைத்துவிட்டு அணைத்தால்தான் கறுக்கிறது.

கேள்வி: பேட்டரி பேக் செய்ய 18650 லித்தியம் அயன் செல்லில் நேராக வயர் சால்டர் செய்யலாமா? சூடு அதிகம் வைத்து வேகமாக முடித்தால்?

வேண்டாம், எவ்வளவு வேகமாகச் செய்தாலும் வேண்டாம். வெப்பம் செல்லின் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பிரிப்புத் தாளையும் வாய்ப்பக்கத்து அடைப்பையும் கெடுத்துவிடலாம், வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கலாம். நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த செல்களை வாங்குங்கள், அந்தப் பட்டையின் செல்லுக்கு வெளியே நீட்டிய முனையில் சால்டர் செய்யலாம்.

கேள்வி: போர்டு துடைக்க ஆல்கஹால் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன், பரவாயில்லையா?

மூடிய சின்னக் குப்பியில், அயர்ன் எட்டாத பக்கத்தில். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி அறை வெப்பத்திலேயே ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். துடைத்த பேடு முழுதாகக் காய்ந்த பிறகு அயர்னை எடுங்கள்.

கேள்வி: கை சுட்டுவிட்டால் உடனே என்ன செய்வது? பற்பசை தடவினேன்.

குழாயைத் திறந்து, ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். நீண்ட நேரமாகத் தோன்றும், ஆனாலும் முழுதாகக் காட்டுங்கள். மேலே எரிச்சல் நின்ற பிறகும் தோலுக்கு அடியில் சூடு வேலை செய்துகொண்டிருக்கும். மோதிரம், வாட்ச் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். ஐஸ், பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் அல்லது மூட்டில் பட்டிருந்தாலோ, தோல் வெளுத்தோ கருகியோ போயிருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். கண்ணில் தெறித்திருந்தால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அயர்ன் கை நழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நான் பிடித்தேன், வலது உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. உடம்பு தானாகவே பிடிக்கத்தான் போகும், அதனால் ஸ்டேஷனை அணைத்து, ஆறிய அயர்னை வேண்டுமென்றே தரைவிரிப்பில் போட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துப் பழகுங்கள். ஸ்டாண்ட் கனமானதாகவும், வயர் மேசை விளிம்பில் தொங்காமலும் இருந்தால் விழுவதே குறைந்துவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, சால்டரிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். சொல்லிக் கொடுக்கலாமா?

தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள், அந்த வயதில் கை அருமையாக நிதானிக்கும். காரீயமில்லாத கம்பி, பாதுகாப்புக் கண்ணாடி, பருத்திச் சட்டை, முடியைப் பின்னால் கட்டிக்கொள்வது, மூடிய காலணி. நைலான் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியை ஈயம் தெறிப்பதற்காக மட்டும் போடச் சொல்லவில்லை, கட்டரால் பாகங்களின் காலை வெட்டும்போது துண்டு நேராகக் கண்ணுக்குப் பறக்கும்.

முதல் நாள் அயர்னைச் சூடாக்காமலே ஸ்டாண்டிலிருந்து எடுப்பது, வைப்பது, பேனா மாதிரிக் கைப்பிடியில் பிடிப்பது மட்டும் பழக்குங்கள். அடுத்த நாள் வரிசையாக ஓட்டை போட்ட பயிற்சிப் போர்டு, மலிவான ரெசிஸ்டர் பத்து. முதல் சில வாரம் நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு இல்லாமல். ஸ்டேஷனில் தானாகத் தூங்கும் வசதி இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள், ஆனால் தூக்கத்திலும் பிட் பெரும்பாலும் 150, 200 டிகிரியில் இருக்கும் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அணைத்த பிறகும் ஆற சில நிமிடம் ஆகும், அதுவரை இருவரும் மேசையை விட்டு எழ வேண்டாம். அந்த நேரத்தில் செய்த ஜாயிண்டுகளைப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள், எது நன்றாக ஓடியிருக்கிறது, எது உருண்டையாக நின்றுவிட்டது என்று அவளே சொல்லட்டும்.