டாஷிங் கார் கம்பத்தில் தீப்பொறி: பயப்பட வேண்டுமா?

பொருட்காட்சியில் டாஷிங் காரின் கம்பத்து நுனியில் பொறி பறந்ததையும், பையன் இரும்புத் தரையில் காலை ஊன்றியதையும் பார்த்துப் பதறியதாக எழுதியிருந்தீர்கள். கால் பட்டதற்காகப் பயப்பட வேண்டாம்.

மேலே இருக்கும் கம்பி வலை மின்சாரத்தின் ஒரு முனை, இரும்புத் தரை இன்னொரு முனை. கம்பத்தின் உச்சியில் உள்ள தகடு வலையை உரசிக்கொண்டே போகும். மின்சாரம் கம்பம் வழியாக இறங்கி, மோட்டாரை ஓட்டிவிட்டு, அடியில் தரையைத் தொடும் பாகம் வழியாக வெளியேறும். தரையை மட்டும் தொடுகிறவருக்கு இந்தச் சுற்று முழுமையாகாது, அதனால் ஷாக் அடிக்காது. வலையில் வருவதும் வீட்டு 230 வோல்ட் அல்ல. டிரான்ஸ்பார்மரில் குறைத்து, டிசியாக (ஒரே திசையில் பாயும் மின்சாரமாக) மாற்றி, பெரும்பாலும் 100 வோல்ட்டை ஒட்டித் தருவார்கள். அதுவும் ஆபத்தானதுதான். அதனால்தான் வலையைக் கைக்கெட்டாத உயரத்தில் கட்டுகிறார்கள்.

பொறி வருவது ஏன் என்றால், கார் மோதிக் குலுங்கும்போது தகடு ஒரு கணம் வலையை விட்டு விலகும். ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் உடனே நிற்காமல் அந்த இடைவெளியைத் தாவும். மின்சார ரயிலின் மேலேயும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

மாலில் கம்பமே இல்லாத கார் ஓடியது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். ஒன்று, பேட்டரி வண்டியாக இருக்கும். இல்லையென்றால் தரையிலேயே இரண்டு முனைகளையும் பட்டை பட்டையாக மாற்றி மாற்றிப் பதித்திருப்பார்கள்.

எனக்குக் கவலை தருவது வேறு: நடுவில் கார் நின்றதும் பிள்ளைகள் இறங்கி ஓடுவது. மற்ற கார்கள் மோதிவிடும். ஆபரேட்டர் சொல்லும்வரை பெல்ட்டைக் கழற்ற விடாதீர்கள்.