ஏலத்தட்டையில் குழிவிரியன்: வண்டன்மேட்டு விவசாயிக்குப் பதில்

கேள்வி: கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டுக்கு அருகில் மூன்று ஏக்கரில் ஏலமும், நிழல் மரங்களில் மிளகும் வைத்திருக்கிறேன். மழை பிடித்ததிலிருந்து ஓடையோரத்தில் ஓர் ஏலத்தட்டையின் (ஏலச் செடித் தண்டின்) மேல், பச்சையும் பழுப்புமாகத் திட்டுகள் உள்ள முக்கோணத் தலைப் பாம்பு ஒன்று சுருண்டிருக்கிறது. சில நாட்களாகியும் இடம் மாறவில்லை. சற்றுத் தள்ளி மஞ்சள் நிறத்தில் இன்னொன்றும் தெரிகிறது. கம்பம் ஊரிலிருந்து ஜீப்பில் காய் எடுக்க வரும் பெண்கள் அந்தப் பக்கம் போக மறுக்கிறார்கள். குருணை மருந்து தூவினால் ஓடிவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். தூவலாமா, அல்லது அடித்துவிடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களையும் இடத்தையும் பார்த்தால், அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் மலபார் குழிவிரியனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மஞ்சள் நிறத்தது வேறு இனம் என்று கருத வேண்டியதில்லை. இந்த ஒரே இனத்தில் பச்சை, மஞ்சள், பழுப்பு, செம்மஞ்சள் எனப் பல நிறங்கள் உண்டு. பகலில் கொடிகளில் திரியும், கூர்மூக்குள்ள பச்சைப் பாம்பையும் பலர் விரியன் என்று அஞ்சுவார்கள். அது ஒல்லியானது, அதன் கண்மணி கிடைமட்டமாக இருக்கும். குழிவிரியனுக்கோ உடல் தடித்து, கழுத்து ஒடுங்கி, கண்மணி பூனையினுடையதைப் போலச் செங்குத்தாக நிற்கும்.

அது இடம் மாறாமலிருப்பதற்குக் காரணம் அதன் வேட்டை முறை. இரையைத் தேடி அலையாமல், வாலால் தட்டையைப் பற்றிக்கொண்டு, தலையைச் சற்றே முன்னீட்டி, தவளையோ பல்லியோ எலியோ சிறு பறவையோ எட்டும் தூரத்துக்கு வரும்வரை அது காத்திருக்கும். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையிலுள்ள குழியில் வெப்பத்தை உணரும் மெல்லிய சவ்வு இருப்பதால், கும்மிருட்டிலும் எலியின் உடற்சூடு அதற்குத் தெரிந்துவிடும். இரவில்தான் அதற்குச் சுறுசுறுப்பு; பகலில் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். மழைக்காலத்தில் ஓடையோரத்தில் தவளைகள் பெருகுவதால் அதுவும் அங்கே கண்ணில் படுகிறது. முட்டையிடாமல் குட்டி போடும் இனம் என்பதால் சிறியவற்றையும் காண நேரலாம். பிறந்த குட்டிக்கும் விஷம் உண்டு.

பயிருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, எலி குறைவதால் சிறிது நன்மையே. ஆளைத் துரத்தியும் வராது. ஆபத்தெல்லாம், இலைக்குள் பார்க்காமல் கை விடுவதில்தான் இருக்கிறது. காய் பிடிக்கும் சரம் தரையை ஒட்டி இருப்பதால் காய் எடுப்பவர்கள் தூரில் குந்தி, முகத்தையும் கையையும் தட்டைகளுக்கு நடுவே நுழைக்கிறார்கள். அதற்கு முன் நீண்ட கம்பால் தட்டைகளை விலக்கி, மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டிய சத்தத்துக்கு அது ஓடிவிடும் என்று நம்ப வேண்டாம். அசையாமலிருப்பதே அதன் தற்காப்பு என்பதால், கண்ணால் பார்த்து உறுதி செய்வதே முக்கியம். மிளகுக் கொடியில் ஏணி சாத்தும்போதும் இதே முறைதான். பாம்பு இருக்கும் தூரில் சிவப்புத் துணி கட்டி, அந்தச் சுற்றை அடுத்த எடுப்புக்கு விட்டுவிடலாம். அகற்றியே ஆக வேண்டுமென்றால், கேரள வனத்துறையின் ‘சர்ப்பா’ செயலி வழியாகப் பயிற்சி பெற்றவரை அழையுங்கள். அடித்தால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போதாததற்கு, அடிக்கப் போய்க் கடிபடுபவர்களும் உண்டு.

குருணை என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வது ஃபோரேட் என்ற பூச்சிக்கொல்லியாக இருந்தால், அது 2020 இறுதியிலிருந்து நாடு முழுதும் தடை செய்யப்பட்டது. தட்டை மேல் இருக்கும் பாம்பை மண்ணில் தூவிய மருந்து விரட்டாது. ஓடைத் தண்ணீரைத்தான் கெடுக்கும். ஏலப்பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீ என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

என் கவலை உங்கள் தட்டை மேல் இருப்பதைவிடத் தரையில் இருப்பதைப் பற்றியது. தோட்டச் சருகுக்குள், சருகின் நிறத்திலேயே, மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய கூம்புமூக்குக் குழிவிரியன் கிடக்கும். அதன் கடி சிறுநீரகத்தைப் பழுதாக்கி உயிரைப் பறித்ததும் உண்டு. சருகு எடுக்கும் ஆட்களுக்கு முழங்கால் அளவு பூட்ஸ் வாங்கிக் கொடுப்பது வீண் செலவாகாது.

மலபார் குழிவிரியன் கடித்தால் கடும் வலியும் வீக்கமும் வரும், ரத்தம் உறைவதும் கெடலாம். மரணம் அரிது என்பதற்காகக் கடியை அலட்சியப்படுத்தக் கூடாது. கயிறு கட்டாமல், கீறாமல், வளையலையும் மோதிரத்தையும் உடனே கழற்றி, கடிபட்ட கையை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியன்கள் அதில் சேரவில்லை. ஆகவே பாம்பைத் தேடிப் போகாமல், பாதுகாப்பான தூரத்திலிருந்து படம் கிடைத்தால் மட்டும் எடுத்து, “தோட்டத்தில் குழிவிரியன் கடித்தது” என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து அவர் முடிவெடுப்பார். வீடு திரும்பிய பின்பும் சில நாட்களுக்குச் சிறுநீரின் அளவையும் நிறத்தையும் கவனித்து, அளவு குறைந்தாலோ நிறம் கறுத்தாலோ, டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குத் தேனிக்கோ கோட்டயத்துக்கோ தாமதமின்றிப் புறப்படுங்கள்.