புது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்: இப்போதே டியூனிங் வேண்டாம்

புது ஏர் ரைஃபிள் புகையுது, குறி சிதறுது என்று டியூனிங் (உள்ளே பிரித்து ஸ்பிரிங், கிரீஸைச் சரிசெய்வது) செய்ய நினைச்சா, இப்போது பிரிக்காதீங்க. 200 பெல்லட்கூட (சிறு ஈயக் குண்டு) ஓடாத துப்பாக்கி புகைவதும், 10 மீட்டரில் குறி சிதறுவதும் பெரும்பாலும் ஸ்பிரிங் கோளாறு இல்லை. ஆலையில் பூசிய எண்ணெய், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் அழுத்திச் சூடாக்கும் காற்றில் எரிகிறது. அதனால் பெல்லட்டுக்குப் பெல்லட் வேகம் மாறுது. 500 தாண்டட்டும், அடங்கிடும்.

அதுவரை ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டைப் பகுதி) திருகுகளைப் பாருங்க. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்; அதிர்வில் தளர்ந்துகொண்டே இருக்கும். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையில் தளர்வாக வைத்து, இரண்டு மூன்று வகை பெல்லட்டில் ஐந்தைந்து சுடுங்க. பெல்லட் இல்லாமல் சுடவே கூடாது, பிஸ்டன் சீல் (காற்று கசியாமல் தடுக்கும் வளையம்) போயிடும்.

சேலம் வெயிலில் சுட்டதை ஏற்காட்டுக் காலைக் குளிரோடு ஒப்பிடாதீங்க. கிரீஸ் இறுகினாலே வேகம் குறையும்.

பிறகும் ‘டொய்ங்’ என்று அதிர்ந்தால் டியூனிங் செய்யலாம். ஸ்பிரிங் கம்ப்ரசர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் கழற்றினால் ஸ்பிரிங் முகத்தில் பாயும். கனமான ஸ்பிரிங் போட்டு பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினால் உரிமம் வேணும்.