அண்டியாபீஸ்காரி அஞ்சு நிமிஷம் என்னத்த பேச?

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 43, வீடு கருங்கல் பக்கம், பேரு போடாதீங்க. எங்க ஊரு நூலகத்துல மாசம் ஒருக்கா வாசகர் வட்டம் நடக்கு, மக என்கிட்ட கேக்காமலே என் பேரையும் குடுத்துட்டா. புதுசா சேர்ந்தவங்க வர்ற ஞாயிறு அஞ்சு நிமிஷம் தன்னை அறிமுகப்படுத்தணுமாம். வாழ்க்கை, பிடிச்சது, ஹாபி, சமூக அக்கறை எல்லாம் அதுல வரணுமாம். போன மாசம் பேசினவரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், பன்னெண்டு நாடு பாத்திருக்காராம், போட்டோ எடுப்பாராம். நான் 19 வருஷமா அண்டியாபீஸ்ல, அதான் முந்திரிக்கொட்டை ஃபேக்டரியில, இருக்கேன், முதல்ல உடைக்கிற வேலை, இப்போ கிரேடிங். வேற ஒண்ணும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால நாலு தேன்பெட்டி கெடக்கு, அதுக்க பின்னாலயே பொழுது போயிரும், அதனால ஹாபின்னு தனியா எதுவும் இல்ல. வீட்டுப் பக்கத்துக் குளத்துல ஆகாயத்தாமரை மூடிக் கெடந்துச்சு, நாங்க நாலு பொம்பளைங்க சர்ச் விட்டு வந்து எட்டு ஞாயித்துக்கிழமை இறங்கி வாரிப் போட்டோம், ரெண்டு மனு குடுத்தும் மடை மட்டும் இன்னும் அடைச்சே கெடக்கு. மத்தபடி சமூக சேவைன்னு ஒண்ணும் செய்யல. வீட்டுக்காரரு, அண்டியாபீஸ்னு சொல்லாத, பிரைவேட் கம்பெனின்னு சொல்லுங்காரு. எனக்க பேச்சும் ஒரு மாதிரி இழுக்கும், டவுன்காரங்க சிரிப்பாங்க. போகாமலே இருந்திரட்டா அக்கா?

பதில்:

மக்ளே, உனக்க கடுதாசியை ரெண்டு தடவை வாசிச்சேன். முதல் தடவை பாவமா இருந்துச்சு, ரெண்டாவது தடவை வாசிக்கும்போ கோவம் வந்துச்சு. ஹாபி இல்லேன்னு எழுதுறதுக்கு அரை வரி முன்னால நாலு தேன்பெட்டி, சேவை செய்யலேன்னு எழுதுறதுக்கு முந்தின வரியில எட்டு ஞாயிறு குளத்துல இடுப்பளவு தண்ணி. நீ எழுதினதை நீயே வாசிச்சுப் பாக்கலியா?

போகாம இருக்கவா வேண்டாமாங்கிறதுக்கு நான் பதிலே சொல்லப் போறதில்ல, நீ போற. என்ன பேசன்னு மட்டும் பாப்போம்.

முதல்ல அண்டியாபீஸ். உங்க வீட்டுக்காரரைத் திட்ட எனக்கு மனசு வரல, அவரு பயம் எதுன்னு தெரியும், கல்யாண வீட்டுல கறுத்துப் பொள்ளின கையைப் பாத்துட்டு "எங்க வேலை?"ன்னு ஒரு மாதிரி குரல்ல கேக்குற ஆளுங்களை அவரும் பாத்திருப்பாரு. ஆனா பிரைவேட் கம்பெனின்னு நீ சொன்னா என்ன நடக்கும்னு யோசி. கேட்டவன் "ஓ, அப்படியா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாப்பான். அந்த வார்த்தையில பிடிக்கிறதுக்கு ஒரு காதும் கெடையாது, வழுக்கிப் போயிரும். அண்டியாபீஸ்னு சொல்லி நிறுத்தினாலும் பாதி தான். கிரேடிங்ல நீ என்ன செய்றன்னு சொல்லு. அந்த ஹால்ல இருக்குற அத்தனை பேரும் முந்திரிப்பருப்பு தின்னவங்க தான், பாயசத்துல தேடித்தேடி எடுத்துத் தின்னவங்க, ஆனா பாக்கெட்டுல டபிள்யூ 320ன்னு போட்டிருக்கே அது என்னன்னு கேட்டா முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 454 கிராம், அதுல 300ல இருந்து 320 முழுப் பருப்பு வரைக்கும் நிக்கும், அதான் அந்த நம்பர். நம்பர் குறையக் குறைய பருப்பு பெருசு, 180ன்னா ராஜா. இதை நான் உனக்குச் சொல்றது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற மாதிரி, நீ 19 வருஷமா அண்டியோட கெடந்து, கண்ணால பாத்து கையால தள்ளி பிரிக்கிறவ. தராசுல வைக்காம பருப்பைப் பாத்ததும் இது 240, இது 320ன்னு உனக்குத் தெரியும்ல? அதைச் சொல்லு. அந்தக் கொட்டை பாதிக்கு மேல ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல வருதுன்னும் சொல்லு. மேனேஜர் பன்னெண்டு நாட்டுக்குப் போனாருன்னா ஐவரி கோஸ்டும் தான்சானியாவும் உனக்க மடியில வந்து விழுந்திருக்கு, யாரு கணக்கு பெருசுன்னு அவங்களே பாத்துக்கிடட்டும் (இது சும்மா தமாசுக்கு, மேடையில சொல்லாத, அவரு நல்ல மனுசனா கூட இருக்கலாம்).

உடைக்கிற வேலையில கொட்டைத் தோட்டுல இருக்குற எண்ணெய் பட்டு விரல் பொள்ளினது, கஞ்சி குடிக்கும்போ உப்பு பட்டா எரியிறது, அதை ஒரு வரியில சொல்லு போதும். ஒரே வரி. சிலபேரு மேடை கிடைச்சதும் கஷ்டத்தை மட்டும் கொட்டி ஹாலையே அழ வச்சிட்டு இறங்குவாங்க, அப்புறம் மாசாமாசம் எல்லாரும் அவங்களைப் பாவம்னு பாக்குறதைத் தவிர வேற எதுவும் பேச மாட்டாங்க. உனக்கு அது வேண்டாம்.

இனி பேச்சு. இதுக்கு நான் எனக்க கதையைத் தான் சொல்லணும். எனக்கு ஊரு குலசேகரம், ரப்பர் காட்டுக்குள்ள வீடு. 1988ல சென்னையில ஹாஸ்டல் சேர்ந்த முதல் நாள் ராத்திரி, பத்துப் பதினஞ்சு பேரு வட்டமா உக்காந்து அவங்கவங்க பேரு ஊரு சொல்றாங்க. எனக்க முறை வந்ததும் "எனக்க வீடு கன்னியாகுமரி மாவட்டம்"னு ஆரம்பிச்சேன், "எனக்க"ன்னதுமே ஒருத்தி களுக்குன்னு சிரிச்சா, இன்னொருத்தி "மலையாளியா?"ன்னு கேட்டா, மூணாமத்தவ "டெய்லி சன்ரைஸ் பாப்பியா"ன்னு கேட்டா. கடலை நான் அதுவரைக்கும் பாத்ததே விரல் விட்டு எண்ணுற தடவை தான் மக்ளே, எங்க வீட்டுல இருந்து கன்னியாகுமரி போக ரெண்டு பஸ் மாறணும். ஆனா நான் என்ன செஞ்சேன், ஆமான்னு தலையாட்டினேன். அன்னைக்கு ஆட்டின தலை மூணு வருஷம் ஆட்டிட்டே இருந்துச்சு, எனக்கவை "என்னோட" ஆக்கி, வாறேனை "வர்றேன்" ஆக்கி, மரச்சீனியை "மரவள்ளி" ஆக்கி, லீவுக்கு வீட்டுக்கு வந்தப்போ எங்க அம்மை வாசல்ல நின்னுட்டு "நீ எந்த ஊருக்காரிட்டி?"ன்னு கேட்டா. நான் காட்டின ஆளு அந்த ஹாஸ்டல்லயும் இல்ல, வீட்டுலயும் இல்ல.

அந்த மலையாளியான்னு கேட்டவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது சிம்பிள். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர் பக்கம், அதுக்குப் பிறகு தான் தமிழ்நாடு, பத்மநாபபுரம் அரண்மனை நம்ம மண்ணுல நிக்குது ஆனா அதைப் பாத்துக்கிறது இன்னைக்கும் கேரளா, அப்போ எங்க நாக்குல ரெண்டும் இருக்காதா பின்ன? அன்னைக்கு அது வாயில வரல. உனக்கு அந்தப் பிரச்சனையும் இல்ல, நீ பேசப் போறது நம்ம ஊரு ஹால்ல, அங்க சிரிக்கிறவன் வீட்டுக்குப் போனா அவனுக்க அம்மையும் "எனக்க மக்ளே"ன்னு தான் கூப்பிடுவா. அதனால பேச்சை மாத்தாத. மாத்தினா பேச்சைக் கவனிக்கிறதுலயே உனக்க பாதி மூளை போயிரும், சொல்ல வந்த தேன்பெட்டி மறந்து போகும்.

தேன்பெட்டின்னு வந்துட்டோம்ல, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதான். மார்த்தாண்டம் தேன்னு ஊரெல்லாம் பேரு, ஆனா அது பூவுல இருந்து வர்றதுன்னு தான் எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க. ரப்பர் மரம் இலை கொட்டி, பிப்ரவரி மார்ச்ல கொழுந்து விடும்போ இலைக்காம்பு சேர்ற இடத்துல ஒரு சின்னச் சொட்டு மாதிரி இனிப்பு ஊறும், நம்ம தேனீ அதைத் தான் குடிக்கும், நம்ம மாவட்டத்துத் தேன்ல பெரும்பங்கு இலை குடுத்த தேன். இதை நீ சொன்னா அந்த நூலகமே கை தூக்கி கேள்வி கேக்கும். மழைக்காலத்துல சீனிப்பாகு வச்சுக் காப்பாத்துறது, ராணி போயிட்டா பெட்டிக்குள்ள சத்தமே மாறிப் போறது, நீ எந்தப் பெட்டியைத் திறக்கப் பயப்படுவ, எது சாது, இதெல்லாம் ஹாபி இல்லேன்னா பின்ன எது ஹாபி? ரீடிங், மியூசிக், ட்ராவல்னு மூணு வார்த்தையை வரிசையா சொல்றவங்களை நீ பாத்து மிரண்டுட்ட, அந்த மூணையும் நானும் ஒரு காலத்துல எல்லா ஃபார்ம்லயும் எழுதியிருக்கேன், யாரும் திருப்பி ஒரு கேள்வி கேட்டதில்ல.

பிடிச்சதுன்னு ஒண்ணு கேட்டிருக்காங்களே, அதைப் பத்தி நீ ஒரு வரி கூட எழுதல. நம்ம பொம்பளைங்களுக்கு இது ஒரு வியாதி, புருசனுக்கு என்ன பிடிக்கும் பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னா மளமளன்னு வரும். உனக்குன்னு யோசி. மட்டி வாழைப்பழம் பிடிக்கும்னு சொல்லித் தப்பிக்காத, அது 2023ல புவிசார் குறியீடே வாங்கிருச்சு, பிடிக்காதவன் யாரு. மரச்சீனியும் சாளைக் கறியும்னாலும் அதே கதை. எனக்குன்னா முந்தின நாள் மீன்கறி வச்ச மண்சட்டியில ஒட்டிக் கெடக்குற மசாலாவுல பழையதைப் போட்டுப் பிரட்டி, தட்டுல எடுக்காம சட்டியோட உக்காந்து தின்னணும், அதுவும் யாரும் எழும்புறதுக்கு முன்னால. அந்த அளவுக்கு உனக்க சொந்தமா ஒண்ணு சொல்லு.

குளத்தைப் பத்தி எப்படிச் சொல்லணும்னு தான் கொஞ்சம் கவனம். "நீர்நிலைகளைப் பாதுகாப்போம்"னு ஆரம்பிச்சேன்னு வச்சுக்கோ, ஹால்ல கொட்டாவி கேக்கும். சமூக ஆர்வலர்ங்கிற வார்த்தையை நீயும் சொல்லாத, வேற யாரும் உனக்கு ஒட்டவும் விடாத, அது வந்தா பின்னாலயே சால்வை வரும். எத்தனை ஞாயிறு, எத்தனை பேரு, வாரிப் போட்டது எவ்வளவு, வேரு எப்படி நாறுச்சு, எங்க கொண்டு கொட்டினீங்க, மனு எப்போ குடுத்தீங்க, இதைச் சொல்லு. சுசீந்திரம் தேரூர் குளமும் வேம்பனூர் குளமும் 2022ல ராம்சார் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளுக்க பட்டியல்ல, வந்துச்சு, நல்ல விசயம், உலகமே பாக்குது. உனக்க வீட்டுப் பக்கத்துக் குளம் எந்தப் பட்டியல்லயும் இல்ல, அதைப் பாக்க நாலு பொம்பளைங்க தான் இருக்கீங்க. மடை அடைச்சுக் கெடந்தா வந்த தண்ணி அசையாம நிக்கும், நின்ன தண்ணியில ஆகாயத்தாமரை திரும்பவும் மூடிரும், அப்போ உங்க எட்டு ஞாயிறும் போச்சு. அந்த ஹால்ல மண்வெட்டி பிடிக்கிறவனும் இருப்பான், மனு எழுதத் தெரிஞ்சவனும் இருப்பான், மேனேஜரு எடுக்குற போட்டோவை மனுவோட இணைக்கலாம். கேக்கத் தயங்காத.

ஒண்ணு எச்சரிக்கை. பேசி முடிச்சதும் டீ குடிக்கும்போ ஒருத்தர் மெதுவா வருவாரு, "வீடு கருங்கல்ல எந்தப் பக்கம்? யாருக்க பிள்ளை? எந்த சர்ச்?"னு மூணு கேள்வியில உன்னை அளந்துட்டுப் போகப் பாப்பாரு. நம்ம ஊருல ஆளைத் தெரிஞ்சுக்கிறதுன்னா பலருக்கு இன்னும் அதான். சாமித்தோப்புல அய்யா வைகுண்டர் பதிக்கு, அதான் அய்யாவழிக்காரங்க கும்பிடுற எடத்துக்கு, போயிருக்கியா? உள்ள கும்பிடுறதுக்குக் கண்ணாடி தான் வச்சிருக்காங்க, ஆம்பளைங்க தலைப்பா கட்டிட்டுத் தான் உள்ள போகணும். தலைப்பா கட்டக் கூடாதுன்னு ஒதுக்கி வச்ச சனங்களை 1851க்கு முன்னாலயே வைகுண்டர் கட்ட வச்சாரு, நாம 2000 தாண்டியும் யாருக்க பிள்ளைன்னு நோண்டிட்டு நிக்கோம். அவரு கேட்டா நீ சிரிச்சிட்டு "குளத்துக்கு மேக்க, தேன்பெட்டி இருக்குற வீடு"ன்னு சொல்லு.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலேன்னா நான் ஒண்ணு எழுதித் தாறேன், உனக்க வாய்க்கு ஏத்த மாதிரி மாத்திக்கோ: "எல்லாருக்கும் வணக்கம். எனக்க பேரு இன்னது. உங்க பாயசத்துல கெடக்குற அண்டிப்பருப்பு எனக்க கையைத் தாண்டி வந்ததா இருக்கலாம், 19 வருஷமா அண்டியாபீஸ்ல இருக்கேன், இப்போ தரம் பிரிக்கேன். பருப்பைப் பாத்ததும் நம்பர் சொல்லுவேன், வேணும்னா கொண்டு வாங்க பாப்போம். வீட்டுல நாலு தேன்பெட்டி இருக்கு, அதுல மூணாவது பெட்டி கொஞ்சம் கோவக்காரி..." இந்த இடத்துல யாராவது சிரிப்பாங்க, நீ நிறுத்து. வில்லுப்பாட்டு கேட்டிருப்பல்ல, புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்துல குடம் அடிக்கிறவரு "ஆமா"ன்னுவாரு, அந்த ஆமா வந்தா தான் புலவருக்கு அடுத்த வரிக்கு மூச்சு கிடைக்கும். நீயும் அவங்க ஆமா போட எடம் விடணும், மூச்சு விடாம ஒப்பிச்சா பத்தாங்கிளாஸ் மனப்பாடப் பாட்டு மாதிரி ஆயிரும். அஞ்சு நிமிஷமும் நிரப்பணும்னு சட்டம் ஒண்ணும் கெடையாது, மூணரையில முடிஞ்சா மிச்சம் கேள்விக்கு.

எழுதி வச்சு வாசிக்காத. அண்டி, மூணாவது பெட்டி, மடை, இந்த மூணு வார்த்தையை மட்டும் உள்ளங்கையில எழுதிக்கோ. சனிக்கிழமை ராத்திரி மகளை உக்கார வச்சு ஒருக்கா சொல்லிப் பாரு, பேரு குடுத்தது அவதானே, கேக்கட்டும். உங்க வீட்டுக்காரரையும் ஞாயிறு கூட்டிட்டுப் போ, கடைசி பெஞ்சுல இருந்தாலும் சரி.

கழிஞ்சதும் எழுது. மேனேஜர் என்ன கேட்டாரு, மடையில யாராவது மண்வெட்டி வச்சாங்களா, எல்லாம் எழுது. பேசும்போ கூட குளத்துல இறங்குன அந்த மூணு பேருக்க பேரையும் மறக்காம சொல்லிரு, உன்னை மாதிரி பத்திரிகைக்கு எழுதலேன்னாலும் அவங்களும் வீட்டுல உக்காந்து எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லேன்னு தான் நினைச்சிட்டிருப்பாங்க.