“நீங்க போங்க” என்று கார் சொல்லுமா?

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். ஒரு நாள் காலையில் சாலையைக் கடக்கக் கால் எடுத்து வைத்தபோது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. டிரைவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடக்கலாம் என்று நிமிர்ந்தால் உள்ளே ஆளே இல்லை, ஸ்டீயரிங் மட்டும் இருக்கிறது. எனக்காகத்தான் நிற்கிறதா, சட்டென்று கிளம்பிவிடுமா என்று புரியாமல் நானும் நிற்கிறேன், அதுவும் நிற்கிறது. பின்னால் வந்த பையன் பாட்டுக்குக் கடந்து போனதைப் பார்த்துத்தான் நானும் போனேன். இந்தக் கார்கள் நம்மிடம் எதையாவது சொல்லுமா, சொல்லாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சொல்லும். ஆனால் நாம் தேடும் இடத்தில் சொல்லாது, அதுதான் சிக்கல். அந்த ஊரில் டிரைவர் இல்லாமல் ஓடும் வேமோ நிறுவன டாக்ஸிகளின் கூரையில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு பகுதி இருக்கும், அதில் விளக்குத் திரை உண்டு. ஆள் கடப்பதற்காகக் கார் நிற்கும்போது, பின்னால் வரும் வண்டிக்குத் தெரியும்படி நடக்கும் மனிதனின் படம் அதில் வரும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஏனென்றால் நின்ற காரைவிட, ‘இது ஏன் சும்மா நிற்கிறது’ என்று ஒடித்துத் திருப்பி முந்திக்கொண்டு வருகிற வண்டிதான் கடப்பவர்மேல் மோதும்.

சரி, உங்களுக்கு என்ன சொல்கிறது? இதைக் கண்டுபிடிக்க 2017-இல் ஃபோர்டு நிறுவனமும் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனமும் ஒரு வேலை செய்தன. கார் சீட் போலவே தைத்த உடையை ஒருவருக்கு மாட்டி, தலையையும் மூடி, ஓட்டுநர் இடத்தில் உட்கார வைத்து வர்ஜீனியா தெருக்களில் ஓட்டச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி தானாக ஓடுகிறது! முன்கண்ணாடிக்கு மேலே ஒரு வெள்ளை விளக்குப் பட்டை. அது அசையாமல் எரிந்தால் தானாக ஓடுகிறது. இரண்டு வெளிச்சம் பக்கவாட்டில் போய்வந்தால் வழிவிடப் போகிறது. படபடவென்று மின்னினால் நின்ற இடத்திலிருந்து கிளம்பப் போகிறது. யோசனை நல்லதுதான். ஆனால் முதல்முறை பார்க்கிற உங்களுக்கு, மின்னுவது ‘வா’ என்கிறதா ‘வராதே’ என்கிறதா என்று எப்படித் தெரியும்? நம் ஊரில் எதிரே வரும் லாரி ஹெட்லைட்டை அடித்தால் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று அர்த்தம். பிரிட்டனில் அதையே பலரும் ‘நீங்கள் போங்கள்’ என்பதற்குச் செய்கிறார்கள். விளக்குக்கு அர்த்தம் கற்றுக்கொண்டால்தான் வரும்.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது சக்கரத்தை. டிரைவர் கண்ணைப் பார்த்துத்தான் கடக்கிறோம் என்று நினைக்கிறோமே தவிர, வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறோம் என்று சாலைகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. வெயில் நேரத்தில் கண்ணாடிக்குள் முகமா தெரிகிறது? தூரத்திலேயே வேகம் குறைந்து, மூக்கு லேசாகக் குனிந்து, நிற்கும்போது ஒரு சின்ன ஆட்டம் ஆடி அடங்கினால், வண்டி உங்களுக்காக நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல கார் என்றால் கொஞ்சம் முன்னாலேயே, கொஞ்சம் தாராளமாகவே பிரேக் பிடிக்க வேண்டும். கடைசி நொடியில் கச்சிதமாக நிற்பது கணக்குக்குச் சரி, கடக்கிறவர் நெஞ்சுக்குச் சரியில்லை.

கேள்வி: கண் வைத்த கார், எழுத்து ஓடும் கார் எல்லாம் வந்தது என்றார்களே, என்ன ஆயிற்று?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: கண் வைத்தது உண்மை. 2018-இல் ஜாகுவார் லேண்ட் ரோவர் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பெரிய கண்கள் உள்ள குட்டி வண்டிகளை வைத்துச் சோதித்தது. 2022-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் கோல்ஃப் வண்டியில் உருளும் கண்கள் பொருத்தி, அந்தக் காட்சியை மெய்நிகர் கருவியில் 18 பேருக்குக் காட்டினார்கள். வண்டி நிற்காதபோதும் கடக்கத் துணிந்த ஆண்கள், கண் தங்களைப் பார்க்கவில்லை என்றதும் அதைக் குறைத்துக்கொண்டார்கள். வண்டி நிற்கப் போகும்போதும் தயங்கி நின்ற பெண்கள், கண் தங்களைப் பார்க்கிறது என்றதும் கடந்தார்கள். கும்பகோணத்து அம்மாவின் தயக்கம் அப்படியே இதில் இருக்கிறது. 18 பேர் என்பது சின்னக் கூட்டம்தான், இருந்தாலும் அலட்சியப்படுத்த மாட்டேன்.

எழுத்துத் திரையோடு ஓடியவை, அதே 2018-இல் டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகரில் டிரைவ்.ஏஐ நிறுவனத்தின் ஆரஞ்சு வேன்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ‘நீங்கள் கடக்கலாம்’ என்றால் யார் அந்த ‘நீங்கள்’? ஓரத்தில் ஒரு தாத்தா, சைக்கிளில் ஒரு பெண், எதிரே இன்னொருவர். அடுத்த லேனில் வருகிறவன் நிற்பான் என்று இந்த வேன் எப்படி வாக்குக் கொடுக்கும்? ‘நான் நிற்கிறேன்’ என்று தன்னைப் பற்றி மட்டும் சொல்லட்டும், கடப்பதா வேண்டாமா என்பதை நாம் முடிவு செய்துகொள்கிறோம்.

கேள்வி: மற்ற டிரைவர்கள் மனதில் இருப்பது டிரைவர் இல்லாத காருக்குப் புரியுமா?
– கால்டாக்ஸி ஓட்டுநர், சென்னை

பதில்: உங்கள் தொழிலில் இதுதான் பாதி வேலை, இல்லையா? கூகுள் கார் 2009-இல் நாலு பக்கமும் ‘நில்’ பலகை உள்ள சந்திப்பு ஒன்றில் மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் முழுசாக நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க, அது விதிப்படி காத்துக்கொண்டே நின்றது. அப்புறம்தான் ‘என் முறை வந்தாச்சு’ என்று காட்ட மெல்ல முன்னே நகரக் கற்றுக்கொடுத்தார்கள். 2016 பிப்ரவரி 14 அன்று, கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில் ஓரத்தில் கிடந்த மணல் மூட்டைகளைத் தவிர்க்கத் திரும்பிய கூகுள் கார், பின்னால் வரும் பஸ் விட்டுக்கொடுக்கும் என்று நம்பியது. பஸ் டிரைவரோ கார் நிற்கும் என்று நம்பியிருக்கலாம். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போய் பஸ்ஸின் பக்கவாட்டில் இடித்தது. யாருக்கும் காயமில்லை. பஸ் போன்ற பெரிய வண்டிகள் வழிவிடுவது குறைவு என்பதை அதற்குப் பிறகுதான் மென்பொருளில் சேர்த்தார்கள்.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. விளக்கு, திரை, கண் என்கிறீர்கள். எனக்கு?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இப்படி ஓடும் டாக்ஸிகளில் பல மின்சார வண்டிகள், எஞ்சின் சத்தமே கிடையாது. ஐரோப்பாவில் புதிய மின்சாரக் கார்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை செயற்கையாகச் சத்தம் எழுப்பியே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் ‘வண்டி வருகிறது’ என்று மட்டும்தான் சொல்கிறது. அங்கே நிற்கும்போது ஒலி கட்டாயமில்லை. ஆகவே உங்களுக்காக நின்ற காரும், வராத காரும் உங்கள் காதுக்கு ஒன்றுதான். வேமோவில் ஏறப்போகும் பயணி, செயலியில் தட்டி ஹாரன் அடிக்கவைத்துக் காரைக் கண்டுபிடிக்கலாம். தெருவைக் கடக்கும் உங்கள் கையில் அந்தச் செயலி இருக்காதே. பரிசோதனைகளில் பெரும்பாலானவை கண் தெரிந்தவர்களை வைத்தே நடந்திருக்கின்றன. ‘நின்றுவிட்டேன்’ என்பதற்கு எல்லா நிறுவனமும் ஒப்புக்கொள்ளும் ஒரே ஒலி வேண்டும், அதை உங்களைப் போன்றவர்களைச் சாலையில் நிறுத்திவைத்துக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.