வெந்த முட்டை ஏன் திரும்ப இளகாது? புரதம் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

புரதங்களின் வடிவத்தோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன் என்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். தினமும் எத்தனை கிராம் சாப்பிட வேண்டும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதை உணவியல் படித்தவர்களிடம் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது செல்லுக்குள் நடக்கிற சங்கதி.

கேள்வி: சார், புரதம் என்றால் எனக்கு முட்டையும் பருப்பும்தான் ஞாபகம் வருகிறது. செல்லுக்குள் அதற்கு என்னதான் வேலை?

பதில்: கிட்டத்தட்ட எல்லா வேலையும். மூச்சில் வந்த ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். தசையை இழுப்பது ஆக்டினும் மயோசினும். கிருமியைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி ஒரு புரதம், உங்கள் முடியும் நகமும் கெரட்டின் என்ற இன்னொரு புரதம். சிவப்பணுவுக்குள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்ப்பது, பிரிப்பது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆனால் ஒரே ஒரு மூலக்கூறு அதை நொடிக்குப் பத்து லட்சம் தடவை வரை செய்கிறது. அது இல்லாமலும் அந்த வினை நடக்கும். நுரையீரலின் நுண்குழாயை ரத்தம் கடக்க எடுக்கும் ஒரு நொடிக்குள் முடியாது, அதுதான் சிக்கல்.

இத்தனை வேலைக்காரர்களும் ஒரே சரக்கில் செய்தவர்கள்: 20 வகை அமினோ அமிலங்கள். பூக்காரம்மா சரம் தொடுப்பதுபோல, செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் என்ற இயந்திரம் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறது. (ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.) எந்தப் பூவுக்கு அப்புறம் எந்தப் பூ என்பது டிஎன்ஏவில் எழுதியிருக்கிறது. மல்லிகைச் சரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான். இந்தச் சரம் தானாகச் சுருண்டு மடிந்து, ஒவ்வொரு தடவையும் அதே உருவத்துக்கு வந்து நிற்கும். அந்த உருவம் வந்த பிறகுதான் அது வேலைக்காரன். அதற்கு முன்னால் வெறும் நூல்.

கேள்வி: தானாக என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். யாரோ மடித்துவிடவில்லை என்று எப்படித் தெரியும்?

பதில்: இதை ஒருவர் சோதித்தே பார்த்தார். அமெரிக்காவின் கிறிஸ்டியன் அன்ஃபின்சென். அவர் எடுத்துக்கொண்டது மாட்டின் கணையத்தில் கிடைக்கும் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதி. 124 அமினோ அமிலம் கொண்ட சின்னச் சரம். அதில் 8 இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கும். இந்தச் சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகக் கந்தக அணுக்களால் கைகோத்து 4 முடிச்சுப் போட்டிருக்கும். அன்ஃபின்சென் அடர்த்தியான யூரியாக் கரைசலில் அதைப் போட்டு மடிப்பைக் குலைத்தார். முடிச்சுகளையும் வேறொரு ரசாயனத்தால் அவிழ்த்தார். நொதி செத்துப்போயிற்று.

அப்புறம் இரண்டையும் மெதுவாக வெளியேற்றிவிட்டுக் காற்றுப்பட வைத்தார். சரம் மறுபடி சுருண்டது, வேலையும் அநேகமாக முழுசாகத் திரும்பிவிட்டது. சோதனைக் குழாயில் செல் கிடையாது, மடித்துவிட ஆளும் கிடையாது. எட்டுப் பேரை நாலு ஜோடியாகச் சேர்க்க 105 வழி உண்டு. அதில் சரியான ஒன்றையே அது பிடித்தது.

அவர் செய்த எதிர்ச் சோதனைதான் எனக்கு இன்னும் பிடிக்கும். யூரியாவை எடுக்காமலே முதலில் முடிச்சுகளைப் போட விட்டார். கண்டவனோடு கண்டவன் கைகோத்தான். வேலை ஒரு சதவீதம் அளவுக்குத்தான் வந்தது. ஆக, முடிச்சு வடிவத்தை உண்டாக்குவதில்லை. வடிவம் முதலில் வருகிறது, முடிச்சு அதைப் பூட்டுகிறது. அவருக்கு 1972-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அது ஏன் மடிகிறது என்று அடுத்து கேட்பீர்கள். ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பாருங்கள். கலைத்துவிட்டாலும் சொட்டுகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்ளும். 20 அமினோ அமிலங்களில் சில எண்ணெய்க் குணம் உள்ளவை. அவை தண்ணீருக்கு ஒளிந்து உள்ளே போகின்றன, தண்ணீரோடு ஒத்துப்போகிறவை வெளியே நிற்கின்றன. மடிப்பின் பெரும் உந்துதல் இதுதான்.

கேள்வி: அப்படியானால் வேகவைத்த முட்டை ஆறியதும் மறுபடி இளக வேண்டுமே?

பதில்: மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தீர்களா? அன்ஃபின்சென் வைத்திருந்தது மிக நீர்த்த கரைசல். ஒவ்வொரு சரமும் தனியாக, அக்கம்பக்கம் யாரும் இல்லாமல் மடிந்தது. முட்டையின் வெள்ளைக்கருவில் பத்தில் ஒரு பங்கு புரதம். சூட்டில் வடிவம் குலையும்போது, உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய்க் குணமுள்ள பகுதிகள் வெளியே தெரிகின்றன. சுற்றிலும் அதே நிலைமையில் கோடிக்கணக்கான சரங்கள். தன் உடம்போடு ஒட்டவேண்டியது பக்கத்துக்காரனோடு ஒட்டிக்கொள்கிறது. பத்துச் சரத்தை ஒரே கூடையில் போட்டுக் குலுக்கிய கதி. வெள்ளைக்கரு 60 டிகிரிக்குச் சற்று மேலேயே இறுக ஆரம்பிக்கும். அதன் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் 80 டிகிரி வாக்கில்தான் முழுசாக விட்டுக்கொடுக்கும். அரைவேக்காடு அதனால்தான் சாத்தியம்.

2015-இல் வெந்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் குழாயில் பிரித்தெடுத்து, அதிலிருந்த லைசோசைம் என்ற நொதியை மறுபடி வேலை செய்ய வைத்தார்கள். ஆம்லெட் போட உதவாது.

செல்லின் உட்புறம் வெள்ளைக்கருவைவிட நெரிசல். அங்கே தனிமை கிடையாது என்பதால் சாப்பரோன் என்ற துணைப் புரதங்கள் இருக்கின்றன. சில வகைகள் பீப்பாய் மாதிரி. பாதி மடிந்த சரத்தை உள்ளே வாங்கி மூடிபோட்டு, கொஞ்ச நேரம் தனியாக விட்டுவிடும். எப்படி மடி என்று சொல்லித்தருவதில்லை. கூட்டத்திலிருந்து ஒதுக்கிவைப்பதோடு சரி.

கேள்வி: பால் காய்ச்சினால் ஏன் முட்டை மாதிரி இறுகுவதில்லை? ஆனால் பழைய பாலைக் காய்ச்சினால் திரிந்துவிடுகிறதே!

பதில்: சமையலறையிலிருந்து வரும் கேள்விகள்தான் எப்போதும் கூர்மை. பாலின் முக்கியப் புரதமான கேசினுக்கு இறுக்கமான மடிப்பு கிடையாது. குலைவதற்கு வடிவமே இல்லாதவனைச் சூடு என்ன செய்யும்? கேசின்கள் கால்சியத்தோடு சேர்ந்து சின்னச்சின்ன உருண்டைகளாக மிதக்கின்றன. மேற்பரப்பில் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. புளிப்பு ஏற ஏற அந்த மின்னூட்டம் குறையும். பிஹெச் (புளிப்பைச் சொல்லும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 அருகே வந்தால் தள்ளுவதற்குத் தெம்பு இல்லாமல் எல்லாம் சேர்ந்துவிடும். உறை ஊற்றி மெதுவாகப் புளிக்கவிட்டால் தயிர். நல்ல பால் பிஹெச் 6.7 வாக்கில் இருக்கும். பழைய பால் நாக்குக்குத் தெரியாத அளவு ஏற்கெனவே புளித்திருக்கும், அதோடு சூடும் சேர்ந்தால் அவ்வளவு புளிப்புகூடத் தேவையில்லை.

புரதம் வடிவம் இழப்பதைத் தமிழில் இயல்பு திரிதல் என்று எழுதுகிறார்கள். 'பால் திரிஞ்சு போச்சு' என்கிற அதே திரிதல். கண்டிப்பாகப் பார்த்தால் கேசின் விஷயத்தில் அந்தச் சொல் பொருந்தாது, என்றாலும் எனக்கு அது பிடிக்கும்.

கேள்வி: மட்டனில் பப்பாளிக்காய் போட்டால் சீக்கிரம் வேகிறதே, அது நிஜமா?

பதில்: நிஜம். பப்பாளிப் பாலில் பப்பெய்ன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுகிற புரதம். கூடுதலாகப் போட்டால் கறி கூழாகிவிடும்.

கேள்வி: அம்மாவுக்குத் தினமும் இன்சுலின் ஊசி. எல்லாம் மாத்திரையாக வரும்போது இது மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

பதில்: இன்சுலின் 51 அமினோ அமிலம் உள்ள ஒரு குட்டிப் புரதம். 21-ம் 30-மாக இரண்டு சரம், நடுவே கந்தக முடிச்சு. (முதன்முதலில் அமினோ அமில வரிசை முழுசாகத் தெரிந்த புரதமும் இதுதான். அதற்காக ஃபிரெடரிக் சாங்கருக்கு 1958-இல் நோபல்.) விழுங்கினால் வயிற்றுக்கு அது மருந்து என்று தெரியாது. மட்டனையும் பருப்பையும் வெட்டுவதுபோல வெட்டிவிடும். தப்பிக்கும் கொஞ்சநஞ்சமும் குடல் சுவரைத் தாண்டுவது கஷ்டம்.

திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்வதும் வடிவத்தைக் காப்பாற்றத்தான். ஃப்ரீசருக்குள் மட்டும் வைக்காதீர்கள். உறைந்துபோனதை உருக்கிப் போடக்கூடாது, எறிந்துவிட வேண்டியதுதான். வெயிலில் நின்ற வண்டிக்குள் வைப்பதும் அதே அளவு தப்பு.

கேள்வி: நான் கோத்தகிரிப் பக்கம். எங்கள் ஊரில் சிக்கிள் செல் பரிசோதனை முகாம் நடந்தது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் வரும் நோய் என்றார்கள். ஒன்றே ஒன்று இவ்வளவு செய்யுமா?

பதில்: செய்யும். ஹீமோகுளோபினில் நாலு சரம்; இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. மொத்தம் 574 அமினோ அமிலம். பீட்டா சரத்தில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும், அது தண்ணீரோடு ஒத்துப்போகிறது. இந்த நோயில் அங்கே வாலின் வந்துவிடுகிறது, அது எண்ணெய்க் கட்சி. அதுவும் வெளிப்பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஆக்ஸிஜன் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. ஆக்ஸிஜனை இறக்கிவைத்ததும் ஹீமோகுளோபின் உருவம் சற்று மாறும். பக்கத்து மூலக்கூறில் அந்த வாலினுக்கு ஏற்ற ஒரு குழி திறக்கும். இது அதில் மாட்ட, அது இன்னொன்றில் மாட்ட, நீள நீளமான இழைகளாகி, சிவப்பணுவையே அரிவாள் மாதிரி வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும். அந்த வலி எப்படிப்பட்டது என்று உங்கள் ஊரில் பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1949-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் இதை மூலக்கூறு நோய் என்று அறிவித்தார்கள். வெர்னான் இங்கிராம் சில வருஷத்தில் அந்த ஒற்றை மாற்றத்தைக் கண்டுபிடித்தார். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பது 1952-இலேயே பதிவாகிவிட்டது. ஒரு விஷயம் மனசில் இருக்கட்டும்: பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர் பொதுவாக நோயாளி அல்ல. அவருக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. மலேரியா இருந்த பகுதிகளில் இது நிலைத்ததற்குக் காரணம் அதுதான். இப்படி ஒரு பக்க மரபணு மட்டும் இருப்பதைத்தான் 'ட்ரெய்ட்' என்பார்கள்; முகாமில் அந்த அட்டை கொடுத்தால் பயப்பட வேண்டாம். கல்யாணப் பேச்சு வரும்போது எதிர்த்தரப்பும் பரிசோதனை செய்துகொண்டால் போதும்.

கேள்வி: கொலாஜன் பவுடர் சாப்பிட்டால் தோல் சுருக்கம் போகுமா? விலை ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள்.

பதில்: கொலாஜன் என்றாலே எனக்குச் சென்னைதான் ஞாபகம் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்தாவோடு சேர்ந்து, 1954-இல் அதன் அமைப்பை வெளியிட்டார். மூன்று சரங்கள் கயிறு திரிப்பதுபோல ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டவை. மூன்றில் ஒரு இடம் கட்டாயம் கிளைசின். ஏனென்றால் கயிற்றின் நடுவில் அதைவிடப் பெரியது எதற்கும் இடமில்லை. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது, தோலின் புரதத்தில் பெரும்பகுதி கொலாஜன்.

அதிலிருந்து பிறந்ததுதான் 1963-இன் ராமச்சந்திரன் வரைபடம். சரத்தின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணத்தில் திரும்பலாம். அணுக்கள் இடித்துக்கொள்ளாமல் எந்தெந்தக் கோணங்கள் முடியும் என்று அவரும் சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் (வெங்கி அல்ல, வேறொருவர்) கணக்குப் போட்டார்கள். தாளின் பெரும்பகுதி காலி, சில தீவுகளில்தான் இடம். இன்றைக்கும் உலகில் யார் புதிய புரத அமைப்பை வெளியிட்டாலும் இந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

சரி, பவுடருக்கு வருவோம். வயிற்றுக்குப் போனால் அது அமினோ அமிலமாகவும் துண்டுதுண்டான பெப்டைடுகளாகவும் வெட்டப்படும். கயிறு கயிறாகவே கன்னத்துக்குப் போய்ச் சேராது. தோலுக்குப் பலன் என்று சொல்லும் ஆய்வுகள் பலவற்றுக்கு விற்பவர்களே காசு கொடுத்திருக்கிறார்கள். நான் வாங்க மாட்டேன். உடம்பு தானே கொலாஜனை முறுக்க வைட்டமின் சி வேண்டும், அது இல்லாமல்தான் அந்தக் காலத்து மாலுமிகளுக்கு ஈறு வெடித்து ரத்தம் வந்தது. இரண்டு நெல்லிக்காய் என்ன விலை?

கேள்வி: ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டதே, உங்கள் துறைக்கு வேலை முடிந்ததா?

பதில்: ஆல்ஃபாஃபோல்டு ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருள். 2020-இல் அது அமினோ அமில வரிசையை வைத்தே வடிவத்தைச் சொல்லிக் காட்டியபோது நாங்கள் வாயடைத்துப்போனது உண்மை. 2022-இல் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகளை இலவசமாக வெளியிட்டார்கள், 2024-இல் நோபலும் வந்தது. ஆனால் அது தருவது நிற்கிற போட்டோ. ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை ஏற்றும்போது ஒரு உருவம், இறக்கும்போது ஒரு உருவம். அந்த அசைவில்தான் வேலையே இருக்கிறது. கேசின் மாதிரி நிலையான வடிவமே இல்லாதவையும் ஏராளம். வேலை முடியவில்லை, சம்பளம் தொடர்கிறது.

கேள்வி: பாட்டிக்குக் கண்புரை. டாக்டர் விளக்கும்போது, முட்டை வெள்ளை வெந்த மாதிரி என்றார். கண் எப்படி வேகும்?

பதில்: வேகவில்லை, ஆனால் உவமை சரியானது. உடம்பில் பெரும்பாலான புரதங்களுக்கு ஆயுசு குறைவு. கெட்டுப்போனதற்கு யுபிக்விட்டின் என்ற சீட்டு ஒட்டி, புரோட்டியசோம் என்ற அரவை இயந்திரத்தில் தள்ளிவிட்டுச் செல் புதிதாகச் செய்துகொள்ளும். கண் லென்ஸின் உள்ளே அந்த வசதி இல்லை. ஒளி தடையின்றிப் போகவேண்டும் என்பதற்காக அங்குள்ள செல்கள் உட்கருவையே தூக்கி எறிந்துவிட்டன. புதுப் புரதம் செய்யக் குறிப்பும் இல்லை, ஆளும் இல்லை.

உங்கள் பாட்டியின் லென்ஸின் நடுமையத்தில் இருக்கும் கிரிஸ்டலின் என்ற புரதம், அவர் பிறப்பதற்கு முன்பு, அவருடைய அம்மா வயிற்றில் இருந்தபோது செய்யப்பட்டது. அதில் ஆல்ஃபா கிரிஸ்டலின் என்பது ஒரு சாப்பரோன். தடுமாறும் புரதங்களைப் பிடித்துவைப்பது அதன் வேலை. வெயில், வயது, சர்க்கரை எல்லாம் சேர்ந்து குலைப்பதை அது வருஷக்கணக்காகத் தாங்கிப் பிடிக்கும். கடைசியில் பிடிக்க இடமில்லாமல் போகும்போது புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, லென்ஸ் வெள்ளையாகிவிடுகிறது. சொட்டு மருந்தில் கரைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதுதான் வழி. டாக்டர் நாள் குறித்திருந்தால் தள்ளிப்போடாமல் கூட்டிப்போங்கள்.